வலது, மறுபடியும் வலது

கப்பலூரில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு இருக்கிறேன். பட்டாளத்தில் இருந்து வந்தவன் என்று தெரிந்தால் எல்லாரும் ஒன்றுதான் கேட்பார்கள். சண்டைக்குப் போனீர்களா என்று. இல்லை என்பேன். அப்புறம் அங்கே என்னதான் செய்தீர்கள் என்பார்கள். பனியில் சறுக்கினேன் என்பேன்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் கேட்டார்.

"சறுக்குனதுக்கா சம்பளம் குடுத்தாய்ங்க?"

"ஆமா."

"எம்புட்டு தூரம்ணே சறுக்குவீக?"

"மலைக்கு மேல இருந்து கீழ வரைக்கும்."

"கீழ வந்து?"

"திரும்ப மேல போவோம்."

கையில் இருந்த ரசீதை நீட்டினார். "சரிண்ணே, ரசீதுல சீல் வைங்க, கிளம்பணும்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. எனக்கே அதை விளக்கத் தெரியாது. பனிமலையில் சறுக்கிப் பந்தயம் ஓடியது என் வேலை. பல வருஷம் ஓடினேன். கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றைக்கும் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. பட்டாளத்துக்குப் போகும் முன்னால் மதுரையில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். சமயநல்லூரில் இருந்து தினம் டவுன் பஸ். காலையில் உள்ளே இடம் இருக்காது. இடம் இருந்தாலும் நான் படியில்தான் நிற்பேன். ஒரு கை கம்பியில், ஒரு கால் படியில். மற்றதெல்லாம் காற்றில். பஸ் வலது பக்கம் ஒடித்தால் உடம்பை வெளியே தள்ளும். முட்டியை மடக்கி உள்ளே சாய வேண்டும். இடது பக்கம் ஒடித்தால் அப்படியே மாற்ற வேண்டும். கண்டக்டர் தினமும் கத்துவார்.

"படியில தொங்குற துரையெல்லாம் உள்ள ஏறுங்கப்பா. விழுந்து செத்தா எங்கிட்டதான கேப்பாய்ங்க."

யாரும் ஏற மாட்டோம். கொஞ்ச நாளில் ரோடு உடம்புக்குள் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் பரவை வந்துவிட்டது, விளாங்குடி வந்துவிட்டது என்று சொல்வேன்.

பட்டறை முதலாளி வீட்டில் அவர்களுக்குள் சௌராஷ்டிரா பேசுவார்கள். புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்து பழகிவிட்டேன். பட்டாளத்தில் இந்தியைக் கேட்டபோது அதனால் பெரிதாகப் பயம் வரவில்லை. புரியாவிட்டால் புரியாமலே இருந்துகொள்வேன்.

காஷ்மீரில் போட்டார்கள். பனியை முதலில் பார்த்தபோது சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. எது ரோடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. காலை எங்கே வைப்பது என்று புரியாமல் நின்றேன். ஒரு நாள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவர் வந்து ஒவ்வொருவன் தொடையையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். என் பக்கத்தில் நின்றவன் திண்டுக்கல்காரன்.

"என்ன மாப்ள, சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி தட்டுறான்" என்றான்.

அவர் என்னை இரண்டு தடவை தட்டினார். தனியாக நிற்கச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திண்டுக்கல்காரன் மட்டும், "உன்னைய வித்துட்டாய்ங்க மாப்ள" என்றான்.

பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்பார்கள். தொடையைத் தட்டியவர்தான் எங்கள் உஸ்தாத். இமாச்சல்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. நடக்கப் பழகும் முன்னே சறுக்கப் பழகியவர். என்னை மதராசி என்பார். அவர் பேசியது எல்லாம் இந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

காலில் மாட்டும் நீளப் பட்டைக்கு ஸ்கீ என்று பெயர். முதல் வருஷம் முழுக்க விழுந்தேன். விழுவது எனக்கு ஒன்றும் இல்லை. எழுந்திருப்பதுதான் தெரியவில்லை. இரண்டு பட்டையும் பின்னிக்கொள்ளும். உஸ்தாத் வந்து மேலே நின்று பார்ப்பார். கை கொடுக்க மாட்டார்.

"மதராசி, பனி தின்னு முடிச்சிட்டியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு உஸ்தாத்."

"தின்னுட்டு வா."

எப்போது விழுவது நின்றது என்று தெரியாது. ஒரு நாள் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் அன்றைக்கு விழவில்லை என்று உறைத்தது.

பந்தயம் இப்படி. மலையின் மேல் இருந்து கீழ் வரை சிவப்பும் நீலமுமாகக் கம்புகளை நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு கேட். ஒவ்வொரு கேட்டையும் சுற்றி வளைந்து வர வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆட்டத்தில் இல்லை. அப்படி இரண்டு ஓட்டம். இரண்டு நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவன் முதல்.

கம்பு நட்ட பிறகு ஓடிப் பழக விடமாட்டார்கள். ஓரமாக மெல்ல இறங்கி ஒரே தடவை பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் மொத்தத்தையும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாடம் போடுவார்கள். எனக்கு அது வரவில்லை. கீழே இறங்கும்போது மேலே பார்த்தது மறந்துபோகும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன்.

கடைசியில் மனதுக்குள் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். மேலே புறப்படும் இடம் சமயநல்லூர். முதல் வளைவுகள் பரவை. அப்புறம் விளாங்குடி. நடுவில் கூடல்நகர். கீழே முடியும் இடம் ஆரப்பாளையம். சரியாகப் பொருந்தாது. பொருத்திக்கொள்வேன். ஒரு கேட் அதிகமாக இருந்தால் ஒரு வேகத்தடையைச் சேர்ப்பேன். குறைந்தால் ஒரு ஸ்டாப்பில் நிற்காமல் போவேன். ஒரு முறை ஏற்றிவிட்டால் மறக்காது. படியில் தொங்குகிற மாதிரியே இறங்குவேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. கூட ஓடுகிறவன் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான். அவனும் இமாச்சல்காரன். வயதில் சின்னவன், என்னை அண்ணன் என்ற அர்த்தத்தில் பாய் என்பான். என் கூட ஒரே அறையில் இருந்தான்.

"மதராசி பாய், ஓட்டத்துக்கு முன்னாடி வாய்க்குள்ள என்னமோ சொல்றியே, என்ன மந்திரம்?"

"பரவை, விளாங்குடி."

"அது எந்த சாமி?"

"எங்க ஊரு பக்கம்" என்றேன். அவனும் அடுத்த பந்தயத்தில் விளாங்குடி என்று சொல்லிவிட்டு இறங்கினான். மூன்றாவது கேட்டில் விழுந்தான். உன் சாமி எனக்குச் சரிவரவில்லை என்றான்.

பல குளிர்காலம் ஓடினேன். மெடல் வாங்கினேன். ஒரு முட்டி போய்த் திரும்ப வந்தது. வருஷா வருஷம் சின்னப் பையன்கள் வந்தார்கள். என் வயசு ஆட்கள் ஒவ்வொருவராக அவரவர் படைக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு குளிர்காலம் உஸ்தாத் என்னைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டுப் போட்டிக்கு நம்ம அணியில இருந்து ஒருத்தன் போறான். கடைசிப் பந்தயத்துல யாரு முதல்ல வாரானோ அவன். நீ வந்தா நீ போவ. வரலைன்னா உன்னை உன் படைக்கு அனுப்பச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு. உனக்கு வயசாச்சு மதராசி."

"சரி உஸ்தாத்."

"சரின்னா?"

"முதல்ல வாரேன்."

வெளிநாடு போக ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று தெரியாது. குளிர் எனக்குப் பிடிக்காது. அங்கே சாப்பாடும் பிடிக்காது. ஆனால் அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை. பெரிய மலையில் ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவு நாள் செய்தது வேலைதானா என்று அப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

பந்தயத்துக்கு முன்னால் லீவு கொடுத்தார்கள். ஊருக்கு வந்தேன். என் மனைவி எனக்கு மாமன் மகள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த மாதிரி நிற்பேன். தொடைக்குப் பயிற்சி. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள்.

"மாமா, உள்ள வந்து நில்லுங்க. நான் உங்கள வெளிய நிப்பாட்டி வச்சிருக்கேன்னு பேசிக்கிறாளுக" என்பாள்.

அவளை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. கே.கே. நகரில் ஒரு கிளினிக். கூட்டிக்கொண்டு அந்த லீவு முழுக்கப் போய் வந்தேன். பஸ்ஸில்தான். கூடல்நகர் பக்கம் ரோட்டை ஆழமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பழைய பாதையில் பஸ் அங்கே வலது பக்கம் ஒடித்து, உடனே மறுபடியும் வலது ஒடிக்கும். இப்போது ஒரு வலதோடு சரி. அடுத்து இடது பக்கம் ஒரு சின்னத் தெருவுக்குள் விட்டார்கள். இஸ்திரி வண்டி, மாவு மில், குப்பைத் தொட்டி, எல்லாவற்றையும் உரசிக்கொண்டு பஸ் போகும். நான் உள்ளே அவள் பக்கத்தில் நிற்பேன். ஆனாலும் கால் தன் வேலையைப் பார்க்கும். வலது. அப்புறம் இடது.

லீவு முடிந்து திரும்பினேன். பந்தய நாள் காலை முதல் ஓட்டம். நன்றாக வந்தேன். நான்தான் முதல். என் அறைத் தோழன் இரண்டாவது. எங்களுக்கு நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் வித்தியாசம்.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கம்புகளை மாற்றி நட்டார்கள். இறங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு இடம். எப்போதும் ஒரு வலது, ஒரு இடது என்றுதான் மாறி மாறி வரும். அங்கே வலது, மறுபடியும் வலது என்று நட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடல்நகர். பொருத்திக்கொள்ளவே வேண்டியதில்லை. அப்படியே இருந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் முதலாவதாக இருப்பவனைக் கடைசியில் விடுவார்கள். அது முறை. மேலே காத்துக்கொண்டு நின்றபோது மனைவி வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்ன மாமா, எல்லாரையும் விட்டுட்டு உங்கள மட்டும் நிப்பாட்டி வச்சிருக்காய்ங்க? தோத்துட்டீகளா?"

"இல்ல. நாந்தான் முதல்."

"முதல்னா முதல்ல விட மாட்டாய்ங்களா?"

"கடைசியாத்தான் விடுவாய்ங்க."

"இது என்ன கூத்து" என்றாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் புரியல. பாத்து வாங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த நேரம் மேகம் இறங்கியது. வெயில் போனால் பனியில் மேடு பள்ளம் தெரியாது. எனக்கு முன்னால் போனவர்கள் வளைந்த இடத்தில் எல்லாம் பள்ளம் விழுந்திருக்கும். கால்தான் பார்க்க வேண்டும். விட்டார்கள். இறங்கினேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால் பரவை தெரிகிறது. விளாங்குடி தெரிகிறது. ஆரப்பாளையம் நன்றாகத் தெரிகிறது. நடுவில் ஒரு இடம் மட்டும் இல்லை. பனி மூஞ்சியில் அடித்தது தெரியும். ஒரு கால் லேசானது தெரியும். அவ்வளவுதான்.

கீழே வந்து நின்றேன். போர்டில் என் நம்பர் மேலே வந்தது. எல்லாரையும்விட நல்ல நேரம். பையன்கள் மேலே விழுந்து கட்டிக்கொண்டார்கள். அறைத் தோழனும் கட்டிக்கொண்டான். "போ மதராசி, வெளிநாட்டுப் பனியையும் தின்னுட்டு வா" என்றான். அவன் இரண்டாவது.

உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். நேரம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரு கேட்டை விட்டு நேராக வந்தவனுக்கு நேரம் மிச்சமாகும்.

கொஞ்ச நேரத்தில் என் நம்பரை எடுத்துவிட்டார்கள். நடுவில் கேட் பார்க்க நின்றவர் நான் ஒன்றை விட்டதாகச் சொல்லிவிட்டார். அந்த ஊர்க்காரர். கம்பளி அங்கிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். உஸ்தாத் அவரிடம் போய்ப் பேசினார். திரும்பி என்னிடம் வந்தார்.

"விட்ட மாதிரிதான் இருந்துச்சுங்கறான். காத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டானாம். சத்தியமாச் சொல்லுவியான்னா இழுக்குறான். நான் ஆட்சேபம் எழுதிக் குடுத்தா ஜெயிச்சிடலாம். நேரம் கொஞ்சம்தான் இருக்கு. நீ விட்டியா, விடலையா?"

"தெரியல உஸ்தாத்."

"தெரியலங்கறது பதில் இல்ல. நீதான ஓடுன?"

"ஆமா."

"அந்த இடத்துல என்ன பண்ணுன? வலதுக்கு அப்புறம் என்ன?"

கண்ணை மூடினேன். திரும்ப மேலே போய் இறங்கிப் பார்த்தேன். சமயநல்லூர். பரவை. விளாங்குடி. கூடல்நகரில் வலது ஒடித்தேன். அடுத்து ஒரு மாவு மில் வந்தது.

பழைய பாதையில் மாவு மில் கிடையாது.

மறுபடியும் முதலில் இருந்து இறங்கினேன். இந்தத் தடவை வலது, மறுபடியும் வலது. மாவு மில் இல்லை. இன்னொரு தடவை இறங்கினேன். இஸ்திரி வண்டி. இரண்டு ரோடும் ஒன்றின் மேல் ஒன்று ஓடுகிறது. எது ஓடும்போது பார்த்தது, எது இப்போது நினைப்பில் வருவது என்று பிரிக்கத் தெரியவில்லை. உஸ்தாத் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாவு மில் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. பனிமலையில் பஸ் ஓட்டியவன் என்று யாரிடம் சொல்வது.

"உஸ்தாத், விடலன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"விட்டேன்னு சொல்லுவியா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்த இடத்துல பாதிப் பேரு தடுமாறுனாய்ங்க. வலதுக்கு அப்புறம் இடதுன்னுதான் எல்லாருக்கும் கால் போகும்" என்றார். பிறகு, "நீ விடலன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றார். எழுதிக் கொடுக்காமல் போய்விட்டார். நேரம் முடிந்தது.

அவர் சொன்ன மாதிரியும் இருக்கலாம். எல்லாருக்கும் போகிற மாதிரி என் காலும் போயிருக்கலாம். பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். காலே போகாமலும் இருந்திருக்கலாம்.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"முடிஞ்சதா மாமா?"

"முடிஞ்சது."

"என்னாச்சு? ஜெயிச்சீகளா?"

"இல்லன்னு சொல்லிட்டாய்ங்க."

"நீங்க என்ன சொல்றீக?"

"தெரியல."

"அது எப்படி மாமா தெரியாமப் போகும்? நீங்கதான போனீக?"

அவளும் அதையே கேட்டாள். பிறகு, "சரி, சாப்பிட்டீகளா?" என்றாள். இல்லை என்றேன். "அதச் செய்ங்க முதல்ல" என்றாள்.

பந்தயம் முடிந்தால் கம்புகளைப் பிடுங்க வேண்டும். ஆட்டத்தில் இல்லாதவன் போய்ப் பிடுங்குவது எங்கள் அணியில் வழக்கம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே ரெஞ்சை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கம்பு பனிக்குள் திருகி இறக்கியிருக்கும். ரெஞ்சைப் போட்டுச் சுற்றினால்தான் வரும். மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து இறங்கினேன்.

அந்த இடத்துக்கு வந்தேன். வலது கேட்டை எடுத்தேன். அடுத்த வலது கேட்டுக்கு இறங்கினேன். ஸ்கீ போன தடம் பனியில் இருக்கும். கடைசியாகப் போனவன் நான்தான். என் தடம் மேலாக இருக்க வேண்டும். அதைப் பார்த்தால் போதும்.

குனிந்து பார்த்தேன். டிராக்கைச் சரிசெய்யும் ஆட்கள் எனக்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தார்கள். குறுக்காகச் சறுக்கிச் சறுக்கி எல்லாவற்றையும் சமப்படுத்தி இருந்தார்கள். மாவு கொட்டிப் பரப்பின மாதிரி இருந்தது.

கீழே இருந்து யாரோ ஏறி வந்தார்கள். அறைத் தோழன். ஜெயித்தவன். அவன் வர வேண்டிய வேலையே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"பாய், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நான் ஜெயிச்சேனா?"

"போர்டுல உன் பேருதான இருக்கு."

"நான் போர்டக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

நான் பனியைக் காட்டினேன். அவனும் குனிந்து பார்த்தான். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் மேல் பனியைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தான். அடியிலும் வெள்ளைதான். நிமிர்ந்து, "ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"எனக்கும் தெரியல."

"அப்ப நான் போறதா, வேண்டாமா?"

அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. "போ" என்றேன். "போயி நல்லா இறங்கு."

ரெஞ்சைப் போட்டு அந்தக் கம்பைச் சுற்றினேன். இறுகிப்போய் இருந்தது. அவன் ஒரு பக்கம் பிடித்தான், நான் ஒரு பக்கம் பிடித்தேன். வந்துவிட்டது. கம்பு இருந்த குழியைப் பூட்ஸால் மிதித்து மூடினேன். எடுத்த கம்புகளைச் சேர்த்துக் கட்டினோம். கட்டின் முன்பக்கத்தை அவன் தோளில் வைத்துக்கொண்டான். பின்பக்கம் என் தோளில். கீழே இன்னும் நிறைய கேட் இருந்தது.